கூண்டில் நின்றவள்

குமாரதாஸ் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததுமே ஆட்டோக்காரன் ரெனிஷ் ஊர்ச் செய்தி வாசித்துவிட்டான். "நேத்து ஒரு கத்திக்குத்து, ரெண்டு செயின் பறிப்பு. வேற விசேஷம் ஒண்ணும் இல்லண்ணே." மழை இல்லை என்று சொல்வதுபோல அத்தனை சாதாரணமாகச் சொன்னான். நாகர்கோவில் அப்படித்தான் பழகிப்போயிருந்தது.

தோஹாவிலிருந்து குமாரதாஸ் அடித்துப்பிடித்து ஓடி வந்தது அவன் மனைவி சுபிதாவால். ஜங்ஷனில் ஜெராக்ஸ் கடை நடத்துகிறாள். போன வருஷம் அவள் கடைக்கு எதிரே, ரவுடிக் கும்பலுக்கு மாமூல் தர மறுத்த பழக்கடை மைதீன் பிச்சையைப் பட்டப்பகலில் அதில் ஒருத்தன் வெட்டினான். மனுஷர் பிழைத்தார், வலது கைதான் போயிற்று. வெட்டு விழுந்த நிமிஷமே தெருவிலுள்ள ஷட்டரெல்லாம் சடசடவென்று இறங்கின. போலீஸ் வந்து கேட்டபோது கடைக்காரர்கள் அத்தனை பேரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள்: ஷட்டர் போட்டிருந்தது, எதையும் பார்க்கவில்லை. இந்த மகராசி மட்டும் ஷட்டரைப் போடாமல் ஓடிப்போய் ரத்தத்தைத் துணியால் கட்டினாள். வெட்டியவன் இன்னான் என்று பெயரையும் சொன்னாள். நாளைக்குக் கோர்ட்டில் சாட்சி. அதைத் தடுக்கத்தான் அவன் வந்திருந்தான்.

"ஒனக்கு என்ன கேடுட்டி?" பெட்டியை வைக்குமுன்னே ஆரம்பித்தான். "ஊர்ல ஒருத்தனுக்கும் இல்லாத தைரியம் ஒனக்கு எதுக்கு? சரியா பாக்கலன்னு சொல்லிட்டு வா. நான் அங்க நிம்மதியா உறங்கண்டாமா?"

சுபிதா தோசையைத் திருப்பிப் போட்டாள். "வெட்டுப்பட்டு விழுந்தவரு எனக்க மூஞ்சியத்தான் பாத்தாரு. நாளைக்கு அவரும் அங்க இருப்பாரு. பாக்கலன்னு எப்படிச் சொல்லுவேன், நீங்களே சொல்லுங்க."

அவனுக்குக் கோபம்தான் வந்தது. வழியிலாவது மனசு மாறுவாளா என்ற நப்பாசையில் மறுநாள் கூடவே போனான்.

கோர்ட்டில் பின்வரிசை முழுக்க வெட்டியவனின் ஆட்கள். குமாரதாஸ் தலையைக் குனிந்துகொண்டு ஓரமாக உட்கார்ந்தான். கூண்டில் ஏறிய சுபிதாவோ யாரையும் சட்டை பண்ணவில்லை. "இவன்தான் வெட்டினான் ஐயா. நான் கண்டேன்." எதிரே நின்றவனை நேராக விரல் நீட்டிக் காட்டினாள். அட, இவளா என் பெண்டாட்டி! குமாரதாஸுக்கு நெஞ்சு விம்மியது. இவளுக்கா புத்தி சொல்லப் பிளேன் ஏறி வந்தோம் என்று வெட்கமாகவும் இருந்தது.

எதிர்த்தரப்பு வக்கீல் லேசில் விடவில்லை. "வீட்டுக்காரர் வெளிநாட்டுல. நீங்க ஒத்தையில இருக்கிற பொம்பள. போலீஸ் மிரட்டினதுனாலதானே இப்படிச் சொல்றீங்க?"

குமாரதாஸ் எழுந்துவிட்டான். "ஒத்தையில இல்ல சார். நான் இருக்கேன். குமாரதாஸ். இவளுக்க மாப்பிள்ளை."

பின்வரிசை மொத்தமும் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தது. நல்லாப் பாத்துக்கிடுங்கடே என்று நிமிர்ந்து நின்றான்.

"இது கோர்ட்டா, சந்தையா? உட்காருங்க!" என்று நீதிபதி அதட்டினார். பெண்டாட்டி முன்னால் திட்டு வாங்கி இத்தனை சந்தோஷப்பட்டது அவன் ஆயுசில் அதுதான் முதல் தடவை.