கறுப்படித்த தாள்களின் எடை

கைலாசநாதர் கோயிலில் கற்பூரத்தை ஏற்றிக் கையால் அடித்து அணைத்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். உள்ளங்கையில் கொப்புளம் இருக்கிறது, சந்தேகப்படுகிறவர்கள் வந்து தொட்டுப் பார்க்கலாம். இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. போர் தொடங்கிய ஆவணி மாதக் கடைசி வாரத்தில், ஆரணியில் வெளிவந்துகொண்டிருந்த 'நாகநதிச் செய்தி' என்ற வார இதழின் இரண்டாம் பக்க ப்ரூஃப் தாள் ஒன்று ஐம்பத்தெட்டு கிலோ எழுநூறு கிராம் எடை இருந்தது.

அந்த இதழை நடத்தியவர் லீலா. கல்யாணப் பத்திரிகையும் பட்டுப்புடவைப் பெட்டிக்கு லேபிளும் அடிக்கிற அச்சகம் அவருடையது. வியாழக்கிழமைகளில் மெஷின் சும்மா நிற்கக் கூடாதென்று இருபத்திரண்டு வருடமாக இந்தப் பத்திரிகையையும் அடித்து வந்தார். எந்தத் தெருவில் குழாயில் தண்ணீர் வரவில்லை, யார் வீட்டுப் பெண் பல் டாக்டருக்குப் படிக்கப் போனாள் என்பதுதான் அதில் இருக்கும். போர் வந்ததும் அரசு ஓர் உத்தரவு போட்டது. எல்லையில் இறந்தவர்களின் பெயரை எந்தப் பத்திரிகையும் போடக் கூடாது. வீட்டுக்கும் தகவல் போகாது. ஜெயித்த பிறகு எல்லாப் பெயரையும் ஒரே நாளில், மரியாதையாக, பேண்டு வாத்தியத்தோடு வாசிப்பார்கள். அதுவரை இறந்தவர்கள் பணியில் இருப்பதாகவே கொள்ளப்படும். இதைக் கவனிக்க நெடுஞ்செழியன் என்ற அதிகாரி வியாழன்தோறும் காலை பத்து மணிக்கு ஜீப்பில் வந்தார். தங்கமான மனிதர். வயிற்றில் புண் இருந்ததால் மோர் தவிர வேறெதுவும் வாங்கிக் குடிக்க மாட்டார். பையில் ஒரு கறுப்பு மார்க்கர் வைத்திருந்தார்.

எல்லையில் படைக்குச் சமைக்கப் போயிருந்த ஆரணிக்காரர் ஒருவர், யார் போனிலிருந்தோ லீலாவுக்கு அவ்வப்போது ஒரு பெயரும் ஓர் ஊரும் சொல்வார். முதல் பெயரை லீலா நாலு வரியில் போட்டார். நெடுஞ்செழியன் நாலு வரியையும் மை சொட்டச் சொட்ட அடித்தார். லீலா அந்த இடத்தை வெள்ளையாக விட்டு மறு ப்ரூஃப் எடுத்து நீட்டினார்.

"இன்னா மேடம், இவ்ளோ பெரிய ஓட்டை?"

"நீங்க எடுத்தீங்க சார். எடுத்த எடம் காலியாத்தானே இருக்கும்."

"வெள்ளையா வுட்டாலும் அது நியூஸ்தான் மேடம். எதனா போட்டு மூடுங்க."

லீலா முகூர்த்தப் பட்டு விளம்பரம் ஒன்றைப் போட்டு மூடினார். கறுப்படித்த தாளை ஆதாரமாகப் பத்திரப்படுத்த வேண்டும், அதில் இருந்ததை வாயாலும் யாரிடமும் சொல்லக் கூடாது என்று உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஜீப் கிளம்பியது. அது தெரு முனை திரும்புவதற்குள் தாள் வைத்திருந்த மேசையின் கால் ஒடிந்தது. தாள் தரையில் விழுந்து சிமெண்ட்டைப் பெயர்த்தது.

அச்சகத்தின் பின்சுவரை ஒட்டிக் குமரேசனின் விசைத்தறிக் கொட்டகை. சத்தம் கேட்டு ஓடி வந்தார். வேறு ஊர்க்காரராக இருந்தால் பயந்திருப்பார், இல்லை மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிட்டிருப்பார். ஆரணித் தறிக்காரருக்கு எடை என்றால் பாவு நினைவுதான் வரும். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் தொய்யாமல் விறைப்பாக நிற்க, அது சுற்றியிருக்கும் உருளையில் கயிறு போட்டுக் கல்லைத் தொங்கவிடுவது வழக்கம். நல்ல எடைக்கு எப்போதும் தட்டுப்பாடு. "லீலாக்கா, சும்மா கெடக்கறதுக்கு எங்கிட்ட தொங்கட்டும். பத்திரமாவும் இருக்கும்," என்றார். நாலு ஆள் சேர்ந்து தாளைத் தூக்கிப் போய்க் கொக்கித் தராசில் நிறுத்தார்கள். கறுப்பு மையின் மேல் சாக்பீஸ் நன்றாகப் பிடித்தது. 58.700 என்று எழுதித் தொங்கவிட்டார்கள்.

புரட்டாசியில் மூன்று தாள் வந்தன, ஐப்பசி பிறந்ததும் இன்னொன்று. ஒவ்வொன்றும் ஒவ்வோர் எடை. ஐந்து தறிகளுக்கும் போதுமான எடை கிடைத்துவிட்டதில் குமரேசனுக்குத் திருப்தி. அந்தப் பாவில் நெய்த புடவைகளில் ஓர் இழை முன்பின் இல்லை. கட்டிக்கொண்ட மணப்பெண்கள் தோளில் யாரோ கை வைத்திருப்பதுபோல் இருக்கிறது என்றார்கள். புகாராகச் சொல்லவில்லை.

ஆரணிக்கு அடுத்த சேத்துப்பட்டுப் பக்கத்து ஊரில் நடவு வேலைக்குப் போகிறவள் காத்தாயி. அவளுடைய ஒரே மகன் அன்புச்செல்வன். போருக்கு முந்தைய வருடம் படைக்கு ஆள் எடுத்தபோது ஐம்பது கிலோ வேண்டும் என்றார்கள், பையன் நாற்பத்தேழரை. காத்தாயி மூன்று வாரம் சோறும் வாழைப்பழமுமாகத் திணித்து, எடை போடுகிற அன்று காலையில் ஒரு டஜன் பழத்தையும் ஒரு சொம்புத் தண்ணீரையும் உள்ளே தள்ளி அனுப்பினாள். ஐம்பது கிலோ நூறு. அதிலிருந்து அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்தால் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று அவள் கேட்டதில்லை. எடை எவ்வளவு என்பாள். கிராம்வரை சொல்ல வேண்டும். புரட்டாசிக் கடைசி ஞாயிறு அவன் சொன்னது, "அறுவத்து நாலு முந்நூறுமா. போதும், இதுக்கு மேல ஏத்துனா சட்ட பத்தாது." அதன் பிறகு போன் இல்லை. தாலுகா ஆபீசில் கேட்டால் பணியில் இருக்கிறார் என்று மட்டும் சொன்னார்கள். உயிரோடு இருக்கிறானா இல்லையா, அதைச் சொன்னால் போதும் என்று மூன்று முறை போய்க் கேட்டுவிட்டு, நாலாவது முறை பத்திரிகை ஆபீசுக்கு வந்தாள்.

"எம் புள்ளயப் பத்தி எதனா வந்துச்சாம்மா?"

"நான் ஒண்ணும் சொல்லக் கூடாதுங்க. கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன்," என்றார் லீலா.

"வாயால சொல்ல வாணாம். தலைய ஆட்டு."

"தலையும் ஆட்டக் கூடாதுங்க."

காத்தாயி போகவில்லை. காகிதக் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டாள். லீலா ஒரு கல்யாணப் பத்திரிகைக்கு எழுத்துப் பிழை பார்த்துக்கொண்டே இருந்தார். அரை மணி நேரத்தில் ஒரே வரியைப் பதினோரு முறை படித்தார். பிறகு நிமிராமல் சொன்னார். "பின்னால குமரேசன் கொட்டா இருக்குது. தறி ஓடிகினு இருக்கும். போய்ப் பாத்துட்டு வாங்க. தறியப் பாக்கறதுக்கு யாரும் தடை போடல."

காத்தாயிக்கு எழுத்துத் தெரியாது. போன் வைத்திருப்பதால் எண் தெரியும். கொட்டகைக்குள் தறி தறியாகப் பார்த்துக்கொண்டே போனாள்.

"யம்மா, கிட்ட போவாத. மேல வுழுந்தா கால் மிஞ்சாது," என்றார் குமரேசன்.

அவள் ஐந்தாவது தறியில் நின்றாள். "இது எப்ப வந்துச்சு?"

"போன வியாழக்கெழம. அறுவத்து நாலு முந்நூறு. இருக்கறதுலயே நல்ல வெய்ட்டு அதான்."

காத்தாயி குனிந்து கயிற்றை அவிழ்த்தாள். நாலு ஆள் தூக்கி வந்த தாளை ஒரு கையால் எடுத்து, பிள்ளையைத் தூக்குவதுபோல் இடுப்பில் வைத்துக்கொண்டாள். தறியில் பாவு மொத்தமும் தொய்ந்து விழுந்தது. குமரேசனுக்கு அப்போதுதான் ஐந்து தறியிலும் இத்தனை நாளும் தொங்கியது என்னவென்று புரிந்தது. மெயின் சுவிட்சை அணைத்தார். "ஒரு நிமிஷம் இரும்மா," என்று சொல்லித் தோள் துண்டால் அந்த சாக்பீஸ் எழுத்தைத் துடைத்துவிட்டார். துடைக்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று.

பெண்களுக்கு டிக்கெட் இல்லாத டவுன் பஸ்ஸில் காத்தாயி ஏறியதும் பஸ் ஒரு பக்கம் சாய்ந்தது. கண்டக்டர் வந்து, "உனக்கு ஃப்ரீம்மா. இது இன்னா, லக்கேஜா?" என்றார்.

"எம் புள்ள. ஆம்பளைக்கு ஒரு டிக்கெட் குடு."

கண்டக்டர் தாளைப் பார்த்தார், சாய்ந்த பஸ்ஸைப் பார்த்தார், எச்சில் தொட்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். அன்புச்செல்வன் ஊர் திரும்பியதற்கு அரசு தரப்பில் கொடுக்கப்பட்ட எழுத்து அது ஒன்றுதான்.

பஸ் சாய்ந்த கதை ஊர் ஊராகப் பரவி, மற்ற நாலு தாளும் அந்த வாரத்திலேயே போய்விட்டன. யாரால் தூக்க முடிந்ததோ அவர்களுக்கு அது சொந்தம் என்று ஆயிற்று. பக்கத்தில் சமணக் கோயில் இருக்கிற திருமலை அடிவாரத்திலிருந்து ஒரு தகப்பன் வந்தார். வெம்பாக்கத்திலிருந்து அகல்யா என்ற பெண், கல்யாணமாகி நாலு மாதம், ஐம்பத்தெட்டு எழுநூறை எட்டாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனாள்.

வியாழக்கிழமை நெடுஞ்செழியன் வந்து தாள்களைக் காட்டச் சொன்னார். "வூட்டுக்குப் போயிட்டாங்க சார்," என்றார் லீலா. அதிகாரி மோரைக் குடித்து முடித்துவிட்டு காத்தாயி வீட்டுக்கு ஜீப்பை விட்டார். ஆறு போலீஸ்காரர்கள் தூக்கியும் தாள் அசையவில்லை. கடப்பாரை போட்டு நெம்பி ஜீப்பில் ஏற்றினார்கள், அச்சு முறிந்தது. சாலை சரியில்லாததால் முறிந்ததாக அறிக்கை போயிற்று. காத்தாயி தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மறுநாள் ஆரணி நகர எல்லைக்குள் எதையும் எடை போடக் கூடாதென்று உத்தரவு வந்தது. இருபது நாள் தராசுகள் காவல் நிலையத்தில் இருந்தன. பட்டு நூலைக் கையில் ஏந்திப் பார்த்தே வாங்கி விற்றார்கள். வழக்கத்தைவிட அதிகமாக யாரும் ஏமாற்றவில்லை.

லீலாவைக் கைது செய்ய நெடுஞ்செழியனே வந்தார். மெஷினை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"நான் ஒரு வரிகூட அச்சடிக்கலையே சார்."

"அதான் மேடம் பேஜாரு. அச்சடிச்சிருந்தீங்கன்னா பொய்னு சொல்லியிருப்போம்."

லீலா பதினாலு மாதம் உள்ளே இருந்தார். அதற்குள் போர் முடிந்தது. வெற்றி நாளில் பேண்டு வாத்தியம் வந்து வாசித்தது, பட்டியல் வரவில்லை. லீலா வெளியே வந்தபோது பதினோரு கிலோ குறைந்திருந்தார். இப்போது பஸ் ஸ்டாண்டு அருகே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். அங்கே பத்திரிகைப் பேச்சை எடுத்தால் எத்தனை காப்பி வேண்டும் என்று கேட்பார். குமரேசன் தறிகளுக்குப் பழையபடி கல்லையே கட்டிவிட்டார். புடவைகளும் பழையபடிதான் வருகின்றன.

காத்தாயி தாளைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறாள். நாற்காலி தாங்குகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் ரேஷன் கடைத் தராசுக்குக் கொண்டுபோவாள். கடைக்காரர் அரிசி மூட்டையை நகர்த்தி இடம் கொடுப்பார். முதல் வருடம் அறுபத்தாறு ஆயிற்று, போன பொங்கலுக்கு அறுபத்தொன்பது இருநூறு. "வயசாவுதில்ல, தொப்ப போட்டுட்டான்," என்கிறாள். வரிசையில் நிற்பவர்கள் இந்த வாரம் எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொண்டு தங்கள் கார்டை நீட்டுகிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அரசு ஏடுகளின்படி அந்த வருடத்தில் இந்த நாடு யாரோடும் போர் செய்யவில்லை.