விழுகிற பெட்டி

விலையைப் போனிலேயே சொல்லச் சொன்னார் செல்லக்கண்ணு. தா.பழூரில் அவர் வீட்டு மின்பெட்டியின் டிரிப் சுவிட்ச் வாரத்துக்கு இரண்டு முறை விழுந்து கரண்ட் போய்விடுகிறதாம். விழாத பெட்டியாக மாற்ற வேண்டுமாம். சோதிக்காமல் விலை சொல்ல மாட்டேன் என்றேன். மற்ற இரண்டு எலக்ட்ரீஷியன்கள் சொல்லிவிட்டார்களே என்றார். எலக்ட்ரீஷியன் அம்சவள்ளிக்குப் பிடிவாதம் அதிகம் என்று என்னைப் பற்றி அரியலூரில் பேச்சு. இருந்துவிட்டுப் போகட்டும். ஸ்கூட்டியை எடுத்தேன்.

சமையலறையில் பிரிட்ஜ் முன்னால் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடந்தது. வீட்டுக்குள் செருப்பு எதற்கு என்று அவர் மனைவி லாவண்யாவைக் கேட்டேன். வெறுங்காலோடு தொட்டால் சுர்ரென்று இருக்கும், செருப்பு போட்டுக்கொண்டால் ஒன்றும் செய்யாது என்று சாதாரணமாகச் சொன்னாள். எனக்கு ஆத்திரமாக வந்தது.

மெயினை அணைத்துவிட்டு, கசிவு பார்க்கும் மீட்டரை ஒவ்வொரு லைனிலும் வைத்துப் பார்த்தேன். செல்லக்கண்ணு வந்து வந்து மணியைப் பார்த்தார். பார்க்கட்டும், நான் அவசரப்படவில்லை. ஒயரில் கோளாறு இல்லை. மெயினைப் போட்டுச் சோதித்ததில், கசிவு கண்டதும் டிரிப் சுவிட்சும் சரியாக விழுந்தது. பிரிட்ஜில்தான் கசிவு. அதை மண்ணுக்குள் இறக்க வேண்டிய எர்த் மட்டும் வேலையே செய்யவில்லை.

எர்த் பைப் எங்கே என்று கேட்டேன். கொல்லையில் டைல்ஸ் போட்டபோது கொத்தனாரிடம் சொல்லி அறுத்து மூடிவிட்டதாகப் பெருமையாகவே சொன்னார்.

"நீட்டிக்கிட்டு இருந்துச்சுங்க. புள்ள தடுக்கி வுழுந்துடும்ல."

பிள்ளை என்றது மகள் கவியாவை. ஒன்றரை வயது. கூடத்தில் டப்பாவை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"பெட்டி நல்லாத்தான் இருக்குங்க, மாத்த வேணாம்" என்றேன். "கரண்ட்டு மண்ணுக்குப் போற வழிய நீங்க அறுத்துட்டீங்க. இப்ப அது ஆள் ஒடம்பு வழியாத்தான் போவுது. பெட்டி வுழுறப்பல்லாம் யாரோ வெறுங்காலோட பிரிட்ஜத் தொட்டிருக்காங்க."

ஒருமுறை சுர்ரென்றதிலிருந்து தான் செருப்பில்லாமல் தொடுவதே இல்லை என்றாள் லாவண்யா. செல்லக்கண்ணு பகலெல்லாம் கடையில் இருப்பவர். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கரண்ட்டு போறப்பல்லாம் கவியா வீல்னு கத்துவா" என்றாள் லாவண்யா. "ஃபேன் நின்னுபோச்சேன்னு அழுவுறான்னுதான் நெனச்சேன்."

செல்லக்கண்ணு விலை கேட்கவில்லை. கடப்பாரையை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். பிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு நான் பின்னால் போவதற்குள் மூன்று டைல்ஸ் உடைந்திருந்தன.