விளக்கம் மட்டும் பாக்கி

அறுவை சிகிச்சைக் கூடத்தின் கதவு ஆடும்போதெல்லாம் நான் எழுந்து நின்றேன். யாராவது தள்ளுவண்டியோடு வருவார்கள், என்னைப் பார்க்காமலே போவார்கள். மறுபடி உட்காருவேன். உட்கார்ந்தால் கால் தானாக ஆடும்.

"கால ஆட்டாத. நாற்காலி வரிசையே ஆடுது," என்றார் நாத்தனார்.

என் கணவரின் அக்கா அவர். தையற்கடை வைத்திருக்கிறார். செய்தி கேட்டதும் அளவு நாடா கழுத்தில் தொங்க அப்படியே ஓடிவந்திருந்தார். வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "மூச்சு வாங்குதுன்னு ஒரு வாரமா சொல்லிட்டிருந்தானாமே, நீ என்ன பண்ணிட்டிருந்த?" அதற்குப் பிறகு என் காலைப் பற்றித்தான் பேசினார்.

என் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். காலையில் பயிற்சி வண்டியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். ஓட்டிக்கொண்டிருந்த பெண் பதறாமல் ஓரங்கட்டி நிறுத்தினாளாம். நன்றாகத்தான் கற்றுக்கொடுத்திருக்கிறார்.

கைப்பேசி அடித்தது. பத்திரிகை ஆசிரியர். வாராவாரம் அவருக்குக் குறுக்கெழுத்துப் புதிர் போட்டுக் கொடுப்பது என் கணவர்தான். நேராகக் கேட்கிற ரகம் இல்லை. சொல்லைப் பிய்த்து, ஒளித்து, ஆளைச் சுற்றவிடுகிற ரகம்.

"சார் போன் எடுக்கலம்மா. போன வாரப் புதிருக்கு விடை வந்துடுச்சு, விளக்கம் மட்டும் பாக்கி."

விஷயத்தைச் சொன்னேன். ஆடிப்போனார். "ஐயோ, விட்டுடுங்க. விளக்கம் இல்லாமலே போட்டுக்கறோம்."

"இல்ல, அனுப்புங்க. நானே எழுதறேன்." சும்மா உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது.

'கதைக்குள் விடியலின் தொடக்கம். அடி உண்டு, வலிக்காது.' விடை கவிதை. விடியல் தொடங்குவது 'வி'யில். அதைக் கதைக்குள் வைத்தால் கவிதை. அதில் இருக்கிற அடி வலிக்காதுதான். தட்டி அனுப்பினேன். கதவு ஆடியது. எழுந்தேன். ஒரு துப்புரவுப் பணியாளர்.

'அவள் முழுதாக வரவில்லை, தொடுத்த பூ மட்டும் வந்தது. என்ன பதற்றம்!' விடை அவசரம். முடியாத அவள் 'அவ'. தொடுத்த பூ 'சரம்'. இப்படி ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தது.

'பாட்டு நாறுகிறதே! இடுப்பில் முடிச்சுப் போடு.' விடை பாவாடை. முடிச்சு புரிந்தது. சொல்லைப் பிரித்தேன். நடுவில் 'வா'. அதை எடுத்துவிட்டால் மிச்சம் பாடை. பாடைக்குள் வா.

என் கை நின்றுவிட்டது. வேறு மாதிரி பிரிக்கப் பார்த்தேன். கண் அதிலேயே போய் விழுந்தது. எழுந்து தண்ணீர்க் குழாய் வரை நடந்தேன், குடிக்காமல் திரும்பினேன், மறுபடி நடந்தேன்.

"என்னடி ஆச்சு? யாராவது ஏதாவது சொன்னாங்களா?" நாத்தனார் என் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

கைப்பேசியைக் காட்டினேன். "பாருங்க அண்ணி. இந்தச் சொல்லுக்குள்ள என்ன இருக்குன்னு பாருங்க."

கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு படித்தார். "பாவாடை. இதுல என்ன?"

"நடுவுல இருக்கற வா-வ எடுங்க."

எடுத்துப் பார்த்திருப்பார். முகம் கறுத்தது. "வாயக் கழுவு! எடம் பொருள் தெரியாம..." திட்டிக்கொண்டே இன்னொரு தரம் படித்தார். "பாட்டு நாறுகிறதே..." உதடு கோணியது. "அடப்பாவி!"

"என்ன அண்ணி?"

"சின்ன வயசுல நான் மிஷின்ல உக்காந்தா பக்கத்துல வந்து பாடுவான். கழுதை கத்தற மாதிரி இருக்கும். 'டேய், உன் பாட்டுல வாடை அடிக்குது, எழுந்து போடா'ன்னு விரட்டுவேன். பா, வாடை. அவ்வளவுதான். நான் சொன்னத வெச்சே புதிர் போட்டிருக்கான்." சிரிக்க ஆரம்பித்தவர் பாதியில் நாடாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆஸ்பத்திரிக்கு வந்தாத்தான் நல்ல நல்ல வார்த்தையாப் பிரிக்கத் தோணும் உனக்கு. எழுது."

'பா என்றால் பாட்டு. வாடை என்றால் நாற்றம்.' எழுதினேன். எழுத்துப்பிழையோடு போனது. திருத்தவில்லை.

விளக்கங்கள் தீர்ந்த பிறகு செய்ய ஒன்றும் இல்லை. இருவருமாக நடந்தோம், தாழ்வாரத்தின் கோடி வரைக்கும், பிறகு திரும்பவும். அவர் கால் என் காலைவிட வேகம்.

கதவு ஆடியது. இந்த முறை மருத்துவர் எங்களைத்தான் தேடினார். "அடைப்ப எடுத்தாச்சு. இப்போதைக்கு பயமில்ல. ஒருத்தர் மட்டும் போய்ப் பாக்கலாம்."

"நீங்க போங்க அண்ணி."

ஓரடி வைத்தவர் நின்றுவிட்டார். "நீ போ. நான் அங்க நின்னு அழுவேன், அவனுக்குத் தாங்காது."

மயக்கம் தெளியாமல் கிடந்தார். உடம்பெல்லாம் குழாய். போர்வைக்கு வெளியே பாதம் நீட்டிக்கொண்டிருந்தது, தொட்டேன், சில்லென்றிருந்தது.

வெளியே வந்ததும் அதைத்தான் சொன்னேன்.

"மூடிவிட்டியா?" என்றார்.

"மூடிட்டேன் அண்ணி."