நூற்றைம்பத்தொன்றாவது பெயர்

பிப்ரவரியின் இரண்டாம் புதன்கிழமை அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பள்ளிகளில் தலை எண்ணும் நாள்; அக்டோபரிலும் ஒன்று உண்டு. வந்திருக்கும் தலைகளைப் பொறுத்தே அரசு பணம் தருவதால், அன்று எல்லாப் பள்ளியிலும் பீட்சா உண்டு. அடுத்த திங்களன்று, தெருவின் எதிர்ப்புறத்தில் அரசுப் பணத்தில் தனியார் நடத்தும் சார்ட்டர் பள்ளி தனக்கு உதவாத பிள்ளைகளை எங்கள் அரசுப் பள்ளிக்கு அனுப்பிவைப்பது வழக்கம். பத்தொன்பது ஆண்டுகளாக இங்கே மாணவர் ஆலோசகராக இருக்கிறேன். ஒரு பிப்ரவரியும் அது தவறியதில்லை.

இம்முறை கியோனா வந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு. தேவையான இருபத்திரண்டு பாடங்களில் பதின்மூன்றையே முடித்திருந்தாள்.

"எப்போ போகச் சொன்னாங்க?"

"வியாழக்கிழமை, மிஸ். இந்த இடம் உனக்குச் சரிப்படாதுன்னாங்க."

"புதன்கிழமை சரிப்பட்டுச்சா?"

"புதன்கிழமை பீட்சா குடுத்தாங்க."

அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு சேர்க்கை விண்ணப்பத்தை எடுத்தபோது, தலைமையாசிரியர் ஹாஸ்கெல் உள்ளே வந்தார். கையில் இரு பள்ளிகளையும் ஒப்பிடும் அறிக்கை, வழுவழுப்பான அட்டையுடன். நான்காண்டில் படிப்பை முடிப்போர் அங்கே தொண்ணூற்று நான்கு சதவீதம், இங்கே அறுபத்தேழு. அதற்குக் கீழே இறங்கினால் மூடப்படும் பள்ளிகளின் பட்டியலில் சேர்வோம். ஒரு மாணவர் கடைசியாகப் பதிந்த பள்ளியின் கணக்கிலேயே வருவார் என்பது அவ்வறிக்கையின் விதி. மூன்றரை ஆண்டு வேறிடத்தில் படித்தவரின் தோல்வி எப்படி எங்களுடையதாகும் என்று அதைத் தயாரித்தவர்களுக்கு மூன்று கடிதங்கள் எழுதினேன். 'ஆய்வுமுறை முன்பே வகுக்கப்பட்டது' என்ற ஒரே வரி மூன்று முறையும் பதிலாக வந்தது.

"பன்னெண்டாவதுல இருக்குற நூத்தம்பது பேர்ல நூத்தியொரு பேர் முடிப்பாங்க. இவளச் சேத்தா அறுபத்தாறு புள்ளி ஒம்பது," என்றார். "கணக்குப் போட்டியா, வெர்னிட்டா?"

"நீங்க வர்றதுக்கு முன்னாடியே போட்டாச்சு."

"தடுப்பூசி அட்டை இல்லைன்னு திருப்பி அனுப்பு. ஜூன்ல இந்த வருஷக் கணக்கு முடியும், அது தாண்டட்டும்."

"எல்லாக் காகிதமும் இருக்கு. ஆள அனுப்புறப்போ மட்டும் அவங்க வேலை சுத்தமா இருக்கும்."

"அம்மா தாயே, நான் பள்ளிக்கூடத்தக் காப்பாத்தப் பாக்குறேன்."

"புள்ளைங்களே இல்லாமப் பண்ணிடுங்க. நூத்துக்கு நூறு காட்டலாம்."

எங்கள் கதவுகள் மெல்லியவை. கியோனா எட்டிப் பார்த்தாள்.

"மிஸ், நான் வேணா ஜூனுக்கு அப்புறம் வரட்டுமா?"

ஹாஸ்கெல் அறிக்கையை அக்குளில் இடுக்கிக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பினார். நான் கையெழுத்திட்டு, தாளை அவளிடம் நீட்டினேன்.

"மூணாவது பீரியட் ஆரம்பிச்சாச்சு. அல்ஜீப்ரா, அறை இருநூத்திப் பதினாலு. ஓடு."

"அந்தப் பக்கத்துப் படி பூட்டியிருக்கும்," என்றார் ஹாஸ்கெல், எவர் முகத்தையும் பாராமல். "வா, காட்டுறேன்."

இருவரும் நடைவழியில் போனார்கள். அவர் குரல் தேய்ந்துகொண்டே கேட்டது.

"நம்ம பீட்சா அவங்களோடதவிட நல்லாருக்கும். ஆனா அடுத்த எண்ணிக்கை அக்டோபர்லதான். அது வரைக்கும் பள்ளிக்கூடம் இருந்தா."