வாசலம்மாவுக்கு ஒரு கதவு

வாசலம்மா கோயிலுக்குக் கதவு போடப் போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது, அரத்தக்கா ஒரு சாவியை வைஸ் இடுக்கியில் பிடித்து ராவிக்கொண்டிருந்தாள். அரம் பாதியில் நின்றது.

"யாரு சொன்னது?"

"கோயில் கமிட்டியில முடிவாயிடுச்சாம். தலைவர் ஆள் அனுப்பிச் சொன்னார்," என்றார் அவள் புருஷன். மனுஷன் வாயில்லாப் பூச்சி. கெட்ட செய்தி சொல்லும்போது சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டே இருப்பார். இப்போதும் திருகினார். "இன்னொண்ணும் சொன்னார். கதவை நம்ம பட்டறையிலதான் செய்யணுமாம்."

அரத்தக்காவுக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. அரத்தக்கா என்ற பட்டப்பெயர் அவள் கையிலிருக்கும் அரத்தால் வந்ததா, வாயிலிருக்கும் நாக்கால் வந்ததா என்ற வழக்கு தெருவில் இன்னும் தீரவில்லை. அன்றைக்கு அவள் பேசிய பேச்சைக் கேட்டிருந்தால் நாக்குக்குத்தான் தீர்ப்பாகியிருக்கும்.

அவள் கோபம் புரிய வேண்டுமானால் தெருவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது பூட்டுக்காரர்கள் தெரு. தலைமுறை தலைமுறையாக வேறு தொழில் தெரியாது. ஊரில் எந்தக் கதவைத் தொட்டாலும் அவர்கள் செய்த பூட்டு தொங்கும். ஆனால் அவர்களுடைய குலதெய்வத்துக்கு மட்டும் பூட்டும் கிடையாது, கதவும் கிடையாது. மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் வாசல், அவ்வளவுதான் கோயில். வெளியாட்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். தெருக்காரர்களும் கூடச் சேர்ந்து சிரித்து வைப்பார்கள். ஆனால் அது சிரிக்கிற கதை இல்லை.

வாசலம்மா வானத்திலிருந்து குதித்தவள் இல்லை. அதே தெருவில் பிறந்து, அதே தெருவில் வாக்கப்பட்டவள். புருஷன் வீட்டில் அடி. ஒருநாள் உச்சி வெயிலில், அடி பொறுக்காமல் வெளியே ஓடி வந்து, முதல் வீட்டுக் கதவைத் தட்டினாள். உள்ளேயிருந்து "யாரது?" என்று கேட்டார்கள். "நான்தான்" என்றாள். அதற்கப்புறம் உள்ளே சத்தமே இல்லை. புருஷன் பொண்டாட்டி சண்டை, நமக்கேன் வம்பு. அடுத்த வீட்டைத் தட்டினாள். அங்கேயும் யாரது, நான்தான், அப்புறம் பேச்சு மூச்சு இல்லை. இப்படியே தெரு நெடுகத் தட்டினாள். நடுப்பகல். எல்லோரும் விழித்துத்தான் இருந்தார்கள். எல்லோர் கதவிலும் நல்ல பூட்டு இருந்தது. கடைசி வீட்டு வாசற்படியில் துரத்தி வந்தவர்கள் அவளைப் பிடித்தார்கள். அங்கேயே அவள் உயிர் போயிற்று.

மறுநாளிலிருந்து தெருவில் செய்த எந்தப் பூட்டும் தன் சாவிக்குத் திறக்கவில்லை. பட்டறைகள் முடங்கின. வயிறு காய்ந்த பிறகுதான் புத்தி வந்தது. அவள் விழுந்த இடத்தில் கோயில் கட்டி, சாஷ்டாங்கமாக விழுந்து சத்தியம் செய்தார்கள். இந்த வாசலை எவனும் அடைக்க மாட்டான். உள்ளே வந்து உட்கார்ந்த பெண்ணை எவனும் கையைப் பிடித்து இழுக்க மாட்டான். அதன் பிறகே பூட்டுகள் திறந்தன.

குலதெய்வம், குலதெய்வம் என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறோமே, அவளைக் கொன்றதே இந்தக் குலம்தானே என்று அரத்தக்கா அடிக்கடி சொல்வாள். சொன்ன இடத்தில் யாருக்கும் பிடிக்காது. உண்மை என்றைக்குத்தான் யாருக்குப் பிடித்தது.

அன்று சாயங்காலமே அவள் கமிட்டி ஆபீசுக்குப் போனாள். அது கோயிலுக்கு எதிரே, தலைவரின் ஹார்ட்வேர் கடை மாடியில் இருந்தது. படியேறினதும் ஒரு பெரிய பலகை சுவரில் சாய்த்து வைத்திருந்தது. பெயிண்ட் இன்னும் காயவில்லை. 'வெளியூர்க் கொள்ளையர் புகுந்தபோது, தெருவைக் காக்க வாசலில் நின்று உயிர் துறந்த வீரமங்கையே நம் அன்னை' என்று எழுதியிருந்தது.

"கொள்ளைக்காரன் எப்ப வந்தான் தலைவரே? எனக்குத் தெரியாமப் போச்சே," என்றாள் அரத்தக்கா.

தலைவர் சிரித்தார். எதையும் சிரித்துக்கொண்டே செய்கிற மனிதர். "வாம்மா, உட்காரு. காலத்துக்கு ஏத்த மாதிரி சொல்லணும் இல்லையா. பிள்ளைங்க படிக்கிற காலம்."

"படிக்கட்டுமே. பாட்டன் என்ன பண்ணினான்னு தெரிஞ்சாத்தான் பேரன் அதைப் பண்ணாம இருப்பான். சத்தியம் பண்ணினதை ஏன் பலகையில காணோம்?"

"இடம் பத்தலைம்மா."

"கதவு எதுக்கு?"

"பாதுகாப்புக்கு. ஊர் கெட்டுக் கிடக்கு."

"அம்மா மூக்குல இருக்கிறது பித்தளை மூக்குத்தி. அதைத் திருட எவன் வரப்போறான்?"

தலைவர் அதற்கும் சிரித்தார். கதவு எதற்கு என்று தெருவில் கைப்பிள்ளைக்குக் கூடத் தெரியும். போன மாதம் தலைவரின் மருமகள் வீங்கிய முகத்தோடு கோயிலுக்குள் போய் உட்கார்ந்துவிட்டாள். தலைவரின் மகன் வாசலில் நின்று கத்தினான், மிரட்டினான், கடைசியில் அழுதும் பார்த்தான். உள்ளே கால் வைக்க மட்டும் அவனுக்குத் துணிச்சல் வரவில்லை. நாள் கணக்கில் அவள் அசையவில்லை. கடைசியில் பெரிய மனுஷர்கள் கூடி, இனிமேல் கை நீட்ட மாட்டான் என்று வாக்குக் கொடுத்துத்தான் கூட்டிப்போனார்கள். அந்த வாக்கு ஒரு வாரம் கூடத் தாங்கவில்லை. தலைவருக்கு மகன் அடித்தது அவமானமாகப் படவில்லை. மருமகள் கடைக்கு எதிரே உட்கார்ந்ததுதான் அவமானம். கடைக்கு வந்தவர்கள் எல்லாம் ஆணி வாங்கிவிட்டு அவளையும் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்களே.

"உன் பட்டறையில செஞ்சா நம்ம தெருக் கைவேலையா இருக்கும்னு பார்த்தேன்," என்றார் தலைவர். "முடியாதுன்னா சொல்லிடு. வெளியில ரெடிமேடா கிடைக்குது. ஆனா யானை முட்டினாலும் அசையக் கூடாது, அது ஒண்ணுதான் எனக்கு."

அரத்தக்கா படியிறங்கும்போதே முடிவு செய்துவிட்டாள். கையை வெட்டிப் போட்டாலும் இந்தக் கதவைச் செய்வதில்லை. வீட்டுக்கு வந்து அதைப் புருஷனிடம் சொன்னாள், அடுப்பிடம் சொன்னாள், தூங்கும்வரை சுவரிடம் சொன்னாள்.

மறுநாள் காலையில் அந்த மருமகளே பட்டறைக்கு வந்தாள். அலமாரிச் சாவிக்கு டூப்ளிகேட் வேண்டும் என்று சாக்கு. சாவியை வலது கையால் நீட்டினாள். இடது கை முந்தானைக்குள் இருந்தது. அரத்தக்கா முந்தானையை விலக்கிப் பார்த்தாள். மணிக்கட்டு கன்றிப்போய் வீங்கியிருந்தது.

"கதவு நீங்கதான் செய்யறீங்களாமே அத்தை."

"செய்ய மாட்டேன்."

"நீங்க செய்யலைன்னா கடையில வாங்கிடுவாங்க. மாமா எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டிருந்தார்."

"விடு. நீ என் வீட்டுக்கு வா. எந்த நேரமானாலும் வா. நான் திறக்கிறேன்."

அந்தப் பெண் லேசாகச் சிரித்தாள். "நீங்க திறப்பீங்க அத்தை. பின்னாடியே அவரும் வந்துடுவாரே. எங்க அப்பா வீட்டுக்கே போய்ப் பார்த்துட்டேன். அங்கேயும் வந்தார். எங்க அப்பா அவருக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். கோயிலுக்குள்ள மட்டும்தான் அவர் கால் வரலை. அவங்க வீட்டுல சாமி பயம் ஒண்ணுதான் மிச்சம் இருந்துச்சு. இப்ப அவங்களே கதையை மாத்திட்டாங்க. இனிமே அதுவும் எத்தனை நாளைக்கு?"

அவள் அழவில்லை. சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அரத்தக்காதான் வெறும் வைஸைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பெண் அலறினால் அந்தச் சத்தம் இரண்டு பக்கத்து வீடுகளுக்கும் கேட்கும். கேட்டதும் அவர்கள் ரேடியோவைக் கூட்டி வைப்பார்கள். எத்தனை தலைமுறை ஆனாலும் இந்தத் தெருவுக்குக் காது மட்டும் மாறவில்லை. சத்தியம் என்று ஒன்று இருந்தது. அதுவும் தேய்ந்துகொண்டே வருகிறது. தேயாததாக இனி ஏதாவது செய்தால்தான் உண்டு.

அப்புறம் அவள் புருஷனைக் கூப்பிட்டு, "தலைவர்கிட்ட சொல்லிடுங்க. நானே செய்யறேன்," என்றாள்.

செய்தி தெரு முழுக்கப் பரவிற்று. அரத்தக்காவும் விலை போய்விட்டாள் என்றார்கள். அவள் கண்டுகொள்ளவில்லை. கனத்த தகட்டை வெட்டினாள், சட்டம் அடித்தாள், குறுக்குப் பட்டைகளை வெல்டிங் வைத்தாள். மணிக்கட்டுப் பருமனில் ஒரு தாழ்ப்பாள் செய்து, அது வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி ராவி ராவி எண்ணெய் விட்டாள். தாழ்ப்பாளிலிருந்து எட்டத் தள்ளி, நெஞ்சு உயரத்தில் ஒரு சின்ன ஜன்னல் வெட்டினாள். அதன் அகலத்தை அளக்க அடுக்களையிலிருந்து சொம்பை எடுத்துவந்தாள்.

புருஷன் கதவைச் சுற்றிச் சுற்றி வந்தார். "சாவித் துவாரம் எங்கே?" என்று கேட்டார்.

"எதுக்கு?"

அவர் தாழ்ப்பாளைப் பார்த்தார். பெண்டாட்டியைப் பார்த்தார். பித்தானைத் திருகினார். பிறகு, கல்யாணம் ஆன நாளிலிருந்து முதல் முறையாக, ஒரு அபிப்பிராயம் சொன்னார். "கீலையும் தாழ்ப்பாள் இருக்கிற உள்பக்கமே வச்சுடு. வெளியில இருந்தாக் கழட்டிடுவாங்க."

அரத்தக்காவுக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது. வெல்டிங் கண்ணாடியை இறக்கிக்கொண்டாள்.

தலைவர் ஒருநாள் பார்க்க வந்தார். கதவு இரண்டு ஸ்டாண்டுகளின் மேல் படுத்துக் கிடந்தது. தகட்டைத் தட்டிப் பார்த்தார், தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போனார். படுத்துக் கிடக்கிற கதவுக்கு உள்பக்கம் எது, வெளிப்பக்கம் எது என்று அவர் கேட்கவில்லை. பூட்டுக்காரர் வம்சம் இல்லையா. அடைப்பது என்றால் வெளியிலிருந்துதான் என்று ரத்தத்திலேயே ஊறிப்போயிருந்தது.

கதவை மாட்டுவதை ஆரவாரம் இல்லாமல் முடித்துவிடத் தலைவர் விரும்பினார். வேலை நாளாகப் பார்த்து உச்சி வெயிலில் வைத்தார். தெருவில் எல்லாக் கதவுகளும் வெயிலுக்குச் சாத்தியிருந்தன. கோயில் முன்னால் கமிட்டிக்காரர்கள், பூசாரி, தலைவர், மகன். குடும்பம் ஒற்றுமையாக இருக்கிறது என்று காட்டுவதற்காகத் தட்டில் விளக்கோடு மருமகளையும் நிறுத்தியிருந்தார்கள். அரத்தக்காவும் புருஷனும் நிலையை நட்டுக் கதவை ஏற்றினார்கள். கமிட்டிக்காரர்கள் நிழலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

தலைவர் கொள்ளைக்காரர் கதையைச் சொல்லி முடித்துவிட்டுக் கையை நீட்டினார். "சாவியைக் கொடும்மா."

"சாவி இல்லை தலைவரே."

"என்னது?"

"இதுக்கு சாவி கிடையாது. தாழ்ப்பாள் உள்ள இருக்கு. உள்ள இருக்கிறவங்க போட்டுக்கலாம், உள்ள இருக்கிறவங்க எடுத்துக்கலாம். வெளியில நிக்கிறவங்களுக்கு இதுல ஒரு வேலையும் இல்லை."

தலைவர் முகத்தில் முதல் முறையாகச் சிரிப்பு இல்லை. "உள்ள இருக்கிறது கல்லு. தாழ்ப்பாளை யாரு போடுவா?"

மருமகள் தட்டைப் பூசாரியின் கையில் கொடுத்தாள். யாரையும் பார்க்கவில்லை. வேகமாகக் கூட நடக்கவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது. நின்றவர்கள் அத்தனை பேரும் பூட்டுக்காரர்கள். முழுசாக விழுந்துவிட்டது என்று அந்தச் சத்தத்திலேயே தெரிந்துகொண்டார்கள்.

மகன் பாய்ந்து போய்க் கதவை இரண்டு கையாலும் தட்டினான்.

உள்ளேயிருந்து, "யாரது?" என்று குரல் வந்தது.

"நான்தான். திற."

அப்புறம் உள்ளே சத்தமே இல்லை.

கமிட்டிக்காரர்களில் ஒருவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பலகையில் என்ன எழுதினால் என்ன, பழைய கதை எல்லோருக்கும் தெரியும். அதில் எந்த இடத்தில் தாங்கள் நிற்கிறோம் என்றும் தெரிந்தது.

"உடைச்சு எடு," என்றார் தலைவர்.

"யானை முட்டினாலும் அசையக் கூடாதுன்னு நீங்கதானே கேட்டீங்க," என்றாள் அரத்தக்கா. "சொன்னது சொன்னபடி செஞ்சு கொடுத்திருக்கேன்."

தலைவர் அவள் புருஷன் பக்கம் திரும்பினார். "நீயாவது சொல்லுப்பா. கேஸ் கட்டர் எடுத்துட்டு வா."

புருஷன் பித்தானைத் திருகினார். அது கையோடு வந்துவிட்டது. அதைப் பையில் போட்டுக்கொண்டு, "கேஸ் தீர்ந்துபோச்சு தலைவரே," என்றார். காலையில்தான் புது சிலிண்டர் வந்திருந்தது.

மகன் விடாமல் தட்டினான். காலால் உதைத்தான். அந்தக் கனத்த தகட்டின் சத்தம் தெரு முழுக்க அதிர்ந்தது. எந்த ரேடியோவாலும் அதை அமுக்க முடியாது. முதல் வீட்டுக் கதவு திறந்தது. ஒருத்தி எட்டிப் பார்த்தாள். பிறகு அடுத்த வீடு. பிறகு எதிர்வீடு. அவன் தட்டத் தட்ட, தெருவில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. பெண்கள் ஈரக் கையோடும், மாவுக் கையோடும், பட்டறைக் கரியோடும் வெளியே வந்து கோயிலைப் பார்த்து நடந்தார்கள். மகன் திரும்பிப் பார்த்தான். கை தானாகக் கீழே இறங்கிற்று.

முதல் வீட்டுக்காரி கையில் ஒரு சொம்பு தண்ணீர் இருந்தது.

"கொஞ்சம் தள்ளுங்க தலைவரே, வெயில் நேரம், உள்ள பிள்ளை தாகமா இருக்கும்," என்றாள்.

தலைவர் தள்ளிக்கொண்டார். அவள் ஜன்னலில் சொம்பை நீட்டினாள். உள்ளேயிருந்து வீங்கிய கை ஒன்று வந்து அதை வாங்கிக்கொண்டது. அளவு சரியாக இருந்தது.