வெண்ணெய் மேல் விழுந்த பழி

காலையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தவரின் கையிலிருந்து கத்தி நழுவியது. அவர் அதை எடுக்கவில்லை. "என்னங்க?" என்றாள் மனைவி. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல் குழைந்து வந்தது. உதட்டின் ஒரு ஓரம் தொங்கியிருந்தது. அவள் அடுத்த நொடியே ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் பேச்சு தெளிந்துவிட்டது. கையும் பழையபடி அசைந்தது. "மூளைக்குப் போற ரத்தம் கொஞ்ச நேரம் அடைபட்டு, தானா விலகியிருக்கு. உங்க நல்ல நேரம். அடுத்த தடவை இப்படி லேசா விடும்னு சொல்ல முடியாது" என்றார் டாக்டரம்மா. ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறியிருந்தது. "பிரஷர் மாத்திரை ஒழுங்கா போடறீங்களா? அடிக்கடி ஒண்ணுக்குப் போக வைக்கும், அதுக்காக விட்டுடக் கூடாது."

"தினமும் போடறேன் டாக்டர்."

அவர் பஸ் ஓட்டுநர். வண்டியைக் குறித்த நேரத்துக்கு எடுத்து, குறித்த நேரத்துக்குக் கொண்டுபோய் நிறுத்துவதால் டிப்போவில் எல்லோரும் 'மணிக்கூண்டு' என்பார்கள். மனைவிக்கு வேலை பால் ஆலையில். வந்து நிற்கும் டேங்கர் ஒவ்வொன்றிலும் பாலெடுத்துக் கொழுப்பு எவ்வளவு என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஆலையில் ஊழியர்களுக்கு வெண்ணெய் கொடுப்பார்கள். வீட்டில் அதற்குப் பஞ்சமே இருந்ததில்லை.

மறுநாளே நாத்தனார் வந்து இறங்கினாள். நேராகப் போய் ஃப்ரிட்ஜைத் திறந்தாள்.

"மூட்டை மூட்டையா தூக்கிட்டு வந்தீங்களே அண்ணி, இந்த வெண்ணெய்தான் எங்கண்ணன் மூளையில போய் அடைச்சிருக்கு!"

வெண்ணெய், சீஸ், கிரீம் எல்லாம் குப்பைக் கூடைக்குப் போயின. கோபத்தைவிட வேறொன்றுதான் மனைவியைக் குடைந்தது. பாலில் கொழுப்பு எவ்வளவு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அது உடம்புக்குள் போய் என்ன செய்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லையே?

டாக்டரம்மாவிடமே கேட்டாள்.

"ஒரே வார்த்தையில சொல்ற பதில் இதுக்கு இல்லம்மா. நிறைய பேரை வருஷக்கணக்கா கவனிச்சுப் பாத்திருக்காங்க. பால் கொழுப்பாலதான் ஸ்ட்ரோக் வருதுன்னு அடிச்சுச் சொல்ல முடியல. ஆனா அதைக் குறைச்சுட்டு, அந்த இடத்துல தாவர எண்ணெய், கொட்டை வகைன்னு சேத்துக்கிட்டா நல்லதுன்னு தோணுது. வெண்ணெயை விட்டுட்டு கேக்கா தின்னா ஒண்ணும் பிரயோஜனமில்ல. எப்படியும் முதல் எதிரி பிரஷர்தான்."

அவர் வீட்டில் ஓய்வெடுக்க ஆரம்பித்ததும் ரத்த அழுத்தம் மளமளவென்று இறங்கியது. நாத்தனாருக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தீங்களா அண்ணி? வெண்ணெய் போச்சு, பிரஷரும் போச்சு!"

அவளால் அதை அப்படியே விழுங்க முடியவில்லை. சோதனைக்கூடத்தில் ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால், விளைவு எதனால் வந்தது என்று சொல்ல முடியாது. இங்கே வெண்ணெய் நின்றது. வேறென்ன நின்றது?

பஸ் நின்றது.

விடுப்பு எடுத்துக்கொண்டு அவர் ஓட்டும் தடத்துப் பஸ்ஸில் ஏறினாள். ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கை. அவருக்குப் பதிலாக வந்தவர் கலகலப்பான ஆள். வண்டி ஊரைச் சுற்றிக் கடைசி நிறுத்தம் போய்ச் சேர்ந்ததும், அவர் இறங்கி எதிர்ச் சந்துக்குள் ஓட்டமாக ஓடினார். திரும்பி வந்தபோது முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"இந்த ரூட்ல ஒரு கழிப்பறை கிடையாதும்மா. அந்தச் சந்துல ஒரு கடைக்காரர் புண்ணியத்துல பொழப்பு ஓடுது. இதனால நான் ரெண்டு நிமிஷம் லேட்டு. மணிக்கூண்டு அண்ணன் ஓட மாட்டாரு. காலையில தண்ணிகூட குடிக்காம வந்துடுவாரு."

அவளுக்குச் சட்டென்று பொறி தட்டியது. பிரஷர் மாத்திரை அடிக்கடி சிறுநீர் கழிக்க வைக்கும் என்று டாக்டரம்மா சொன்னது நினைவுக்கு வந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவரெதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "வேலைக்குப் போற நாள்ல மாத்திரை போட்டீங்களா இல்லையா?"

அவர் சுவரைப் பார்த்தார். "லீவு நாள்ல மட்டும் போடுவேன். வண்டி நிறைய ஜனங்களை உக்கார வெச்சுட்டு எப்படி இறங்கி ஓடறது? வெக்கமா இருக்காதா?"

"வெக்கமா? அன்னிக்கு ஸ்டியரிங்ல உக்காந்திருந்தா அத்தனை ஜனமும் என்ன ஆகியிருக்கும்?"

அவருக்குக் கண் கலங்கியது. அவளுக்கும்தான்.

எல்லாவற்றையும் கேட்ட டாக்டரம்மா திட்டவில்லை. "இதை முன்னாடியே சொல்லியிருந்தா வேற மாத்திரை கொடுத்திருப்பேனே" என்று சீட்டை மாற்றி எழுதினார். உடம்பு முழுக்கத் தேறியதும், கழிப்பறை உள்ள தடமாகக் கேட்டு வாங்கிக்கொண்டார் ஓட்டுநர். கொட்டைப் பருப்புகள் வீட்டுக்குள் வந்தன. சில நாள் மெல்லிசாக வெண்ணெயும் உண்டு.

நாத்தனார் மட்டும் சமாதானமாகவில்லை. "என்ன சொன்னாலும் வெண்ணெய் வெண்ணெய்தான் அண்ணி. நான் அதைத் தொட்டே பல வருஷமாச்சு!"

"அப்படியா? கையை நீட்டு, பாப்போம்" என்று பிரஷர் கருவியின் பட்டையை அவள் கையில் சுற்றினாள் அண்ணி. கருவி உறுமி ஓய்ந்தது. எண்ணைப் பார்த்து இருவரும் வாயைப் பிளந்தார்கள். ஆஸ்பத்திரியில் அண்ணனுக்கு இயல்பைவிட எவ்வளவு ஏறியிருந்ததோ, அதில் பாதி அவளுக்கும் ஏறியிருந்தது.

"மிஷின் ரிப்பேரா அண்ணி?" என்று நாத்தனார் குரல் இறங்கிக் கேட்டாள்.

"இருக்கலாம். இன்னொரு தடவை பாப்போம். அதுவரைக்கும் ஆடாம உக்காரு."