ஹரிகிருஷ்ணன் வீட்டு மாடி

தொண்ணூற்றொன்பதில் நானும் என் வீட்டுக்காரரும் புதுப்பட்டினத்தில் பதினோரு வீட்டுக் கதவைத் தட்டினோம். பதினொன்றிலும் ஒரே பதில்தான்: "நேத்துதாம்மா ஆள் வந்துட்டாங்க." அந்த ஊரில் குடிவர நேற்று அவ்வளவு ராசியான நாள்.

அவர் பெயர் ரஞ்சித்குமார். கல்பாக்கத்தில் ஒரு கான்ட்ராக்டரிடம் வெல்டர். நான் ரோகிணி, புதுப்பட்டினத்தில் ஒரு கிளினிக்கில் பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பவள். எங்கள் கிராமத்திலிருந்து செங்கல்பட்டு, அங்கிருந்து இன்னொரு பஸ் என்று ஒரு வழிக்கு இரண்டரை மணி நேரம். முதல் பிள்ளை ஐந்தாம் மாதத்தில் அந்த பஸ்ஸிலேயே கலைந்துபோனது. இப்போது ஆறாம் மாதம். "இதுவாவது தங்கணும்னா பஸ்ஸை விடு, பக்கத்துல வீடு பாரு" என்று டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார். எனக்கு வேண்டியது ஒரு அறையும் ஒரு அடுப்பும்தான்.

அப்போதுதான் ஹரிகிருஷ்ணன் சார் அறிமுகமானார். ஏதோ ஆபீசில் சூப்பரின்டென்டென்ட். கை சுத்தம், பேச்சு சுத்தம், சட்டை அதைவிடச் சுத்தம். வாடகை வீட்டில் சாதி பார்ப்பதை ஒழிக்க ஏழு பேரைச் சேர்த்து ஒரு குழு வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டு ஹாலில் கூட்டம். அவர் மனைவி சியாமளா எல்லோருக்கும் எவர்சில்வர் டம்ளரில் காபி கொடுப்பார், எங்களுக்கும் அதே டம்ளரில்தான். அதைப் பார்த்து நான் மயங்கித்தான் போனேன்.

குழுவுக்கு ஒரு வழிமுறை இருந்தது. 'வீடு வாடகைக்கு' என்று போர்டு தொங்கும் வீட்டை முதலில் நாங்கள் போய்க் கேட்க வேண்டும். இல்லை என்றதும், ஒரு மணி நேரம் கழித்து சாரும் சியாமளாவும் போவார்கள். அவர்களுக்குச் சாவி வரும், சில வீட்டில் சாவியோடு மோரும் வரும். தேதி, வீடு, முதலில் போனவர், பிறகு போனவர், முடிவு என்று ஒரு நீள நோட்டில் எழுதுவது என் வேலை. என் கையெழுத்து நன்றாக இருக்கிறதாம். என்னை எத்தனை பேர் துரத்தினார்கள் என்பதை நானே அழகாக எழுதி வைத்தேன்.

நோட்டு நிரம்பியது. வீடுதான் வரவில்லை. ஏழாம் மாதம் பிறந்ததும் எனக்குப் பொறுமை போய்விட்டது. குழுவிடம் சொல்லாமல், சதுரங்கப்பட்டினம் போகிற ரோட்டில் சந்திரம்மா என்கிறவள் வீட்டைத் தட்டினேன்.

"எந்த ஊரும்மா?"

"செங்கல்பட்டு."

"செங்கல்பட்டுன்னா? ஊருக்குள்ளயா, காலனியா?"

"டவுனும்மா. மேட்டுத் தெரு."

வாய் கூசாமல் சொன்னேன். எங்கள் பெயர்களிலும் சாதி எதுவும் ஒட்டியிருக்கவில்லை. சந்திரம்மா என் வயிற்றைப் பார்த்தாள். "வாயும் வயிறுமா கீற. வெள்ளிக்கெழம நல்ல நாளு, பால் காய்ச்சிக்கோ" என்றாள். அவளே பால் கொண்டுவந்தாள். மாடத்தில் என் கையால் விளக்கேற்றச் சொன்னாள். மாங்காய்த் தொக்கு ஒரு பாட்டில் கொடுத்தாள். பதினாறு நாள் நான் பஸ் ஏறவில்லை. கிளினிக்குக்குப் பத்து நிமிடம் நடந்து போனேன். உள்ளே பிள்ளை உதைத்தது. சந்தோஷமாக இருந்தேன், அதை ஏன் மறைக்க வேண்டும்?

ஹரிகிருஷ்ணன் சாருக்கு மட்டும் அதில் திருப்தி இல்லை. "பொய் சொல்லி வாங்கின வீடு வெற்றி இல்லைம்மா" என்றார். சொந்த வீட்டில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து சொன்னார்.

பிறகுதான் அந்த நோட்டீஸ். நோட்டில் இருந்ததை அச்சடித்து ஊர் முழுக்க ஒட்டுவது என்று குழு முடிவு செய்தது. வீட்டுக்காரர்கள் பெயரைப் போட்டால் மானநஷ்ட வழக்கு வரும் என்று யாரோ ஒரு வக்கீல் பயமுறுத்தினார். அதனால் அந்தப் பெயர்களை எடுத்துவிட்டார்கள். வெறும் காகிதத்தை ஒட்ட முடியுமா? 'துணிந்து முன்வந்த குடும்பங்கள்' என்று எங்கள் பெயர்களைப் போட்டார்கள். முதல் பெயர் எங்களுடையது. பெயர், வேலை, ஊர், ஊருக்குப் பக்கத்தில் 'காலனி'. எங்களைக் கேட்கவில்லை. கௌரவப்படுத்துகிறவர்கள் எதற்குக் கேட்க வேண்டும்?

பஸ் ஸ்டாண்டில் ஒட்டிய நோட்டீஸ் ஒன்றைச் சந்திரம்மாவின் மகள் ஸ்வாதி கிழித்துக்கொண்டு வந்து, எழுத்துக்கூட்டி அம்மாவுக்குப் படித்தாள்.

"காலனின்னு போட்டுக்கீது. நீ டவுனுன்னியே?"

"பொய்தாம்மா சொன்னேன். பிள்ளை பொறக்கற வரைக்குமாவது விடுங்கம்மா."

"என் வூட்டு அடுப்புல பால் காய்ச்சினியேடி! என் சாமி மாடத்துல வெளக்கேத்தினியே!"

தொக்கு பாட்டிலை எடுத்துக் குப்பைமேட்டில் வீசினாள். எங்கள் பாத்திரங்கள் ஒவ்வொன்றாக ரோட்டுக்கு வந்தன. நான் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தபோதே ஒரு வாளி சாணித் தண்ணீர் கொண்டுவந்து கழுவ ஆரம்பித்தாள். தண்ணீர் என் பாதத்தில் பட்டது. "காலை எடு" என்றாள். எடுத்தேன். நான் நின்ற இடத்தை மூன்று தடவை தேய்த்தாள். பதினாறு நாளாக, "சாப்பிட்டியா" என்று தினமும் கேட்ட வாய் அது.

சேதி தெரிந்து ஹரிகிருஷ்ணன் சார் ஸ்கூட்டரில் ஓடி வந்தார். கழுத்தில் கேமரா.

"சாமானை எடுத்துடாதீங்க, அப்படியே இருக்கட்டும். ரோகிணி, கொஞ்சம் பக்கவாட்டா நில்லும்மா. வயிறு தெரியணும்."

நின்றேன். நான்கு படம் எடுத்தார். பிறகு கேட்டேன்.

"சார், உங்க மாடி காலியாத்தானே கீது? ரெண்டு மாசம். பிள்ளை பொறந்ததும் போயிடறோம்."

அவர் லென்ஸை மூடினார். "குடுக்கறது பெரிசில்லைம்மா. ஆனா நானே எடம் குடுத்தா, குழு தனக்குள்ள சரிபண்ணிக்கிச்சுன்னு பேசுவாங்க. போராட்டம் நீர்த்துப்போயிடும். தவிர, மாடிக்கு சியாமளாவோட தங்கச்சி வரதா இருக்கா."

"எப்ப சார் சொன்னாங்க?"

"நேத்துதான்."

அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. அந்தச் சொல் அவர் காதிலேயே விழவில்லை என்று நினைக்கிறேன்.

மறுநாள் எங்கள் கிளினிக் கணக்கர் ஜானகிராமனிடம், சார் வீட்டு மாடி காலியாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். புதிதாகக் கல்யாணம் ஆனவர், நெற்றியில் எப்போதும் பளிச்சென்று திருமண். போய் அந்த மாடியைக் கேட்டார். அரை மணி நேரத்தில் திரும்பி வந்து சாவியை என் மேஜையில் வைத்தார். "காபி ரொம்ப நல்லாருந்துதுங்க" என்றார் பாவம்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நோட்டைத் திறந்து, எழுதியிருந்ததைப் படித்தேன். தேதி. வீடு: ஹரிகிருஷ்ணன் வீட்டு மாடி. முதலில் போனவர்: ரோகிணி. பிறகு போனவர்: ஜானகிராமன். முடிவு: சாவி. சாவியை டீப்பாயில் வைத்தேன்.

ஏழு பேரும் டம்ளருக்குள் பார்த்தார்கள். சியாமளா உள்ளே போய்விட்டார். கடைசியில் ஒருவர், "ஆள் அனுப்பிச் சோதிக்கறது நம்பிக்கைத் துரோகம். இனிமே அந்த முறை வேண்டாம்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். தீர்மானத்தை எழுத நோட்டை என்னிடமே நீட்டினார் ஹரிகிருஷ்ணன் சார். எழுதிக் கொடுத்தேன். கையெழுத்து அப்போதும் நன்றாகத்தான் இருந்தது. சாவியை அவர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுபடியும் பஸ். வேலையை விட்டால் சோறில்லை. ஒன்பதாம் நாள் திருக்கழுக்குன்றம் தாண்டும்போது தண்ணீர்க்குடம் உடைந்தது. டிரைவர் எங்கும் நிறுத்தாமல் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரி வாசலுக்கே ஓட்டிப் போனார். ஆண்பிள்ளை. ஒன்றேகால் கிலோ. கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். என் விரல் ஒன்றை அவன் கை முழுசாகப் பிடித்தது. நான்கு நாள் பிடித்தான்.

பிறப்பைப் பதிய வந்த பெண் முகவரி கேட்டபோது எங்கள் ஊரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ஹரிகிருஷ்ணன் வீட்டு மாடி, புதுப்பட்டினம்" என்றேன். சொந்த வீடா, வாடகையா என்று அவள் கேட்கவில்லை. ஐந்தாம் நாள் இறப்பைப் பதியவும் அவளே வந்தாள். "அதே அட்ரஸ்தானேம்மா?" என்றாள். ஆமாம் என்றேன்.

இரண்டு சான்றிதழையும் நகல் எடுத்து ஹரிகிருஷ்ணன் சாருக்குத் தபாலில் அனுப்பினேன். என் பிள்ளை நான்கு நாள் அவர் வீட்டு மாடியில்தான் குடியிருந்தான். அரசாங்க முத்திரை இருக்கிறது.